வடிவியல் பாடத்தில் கட்டிப் பார்க்க நேரம் கொடுங்கள்

மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் கணிதப் பாடநூல் குழுவினருக்கு,

வணக்கம்.

ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை கணக்குப் பாடம் எடுக்கிறேன். ஆள் குறைகிற நாள்களில் தொடக்க வகுப்புகளுக்கும் போவேன். அதனால் ஒரு பிள்ளை இரண்டாம் வகுப்பில் வட்டம், சதுரம் என்று உற்சாகமாகச் சொல்வதையும், அதே பிள்ளை எட்டாம் வகுப்பில் நாற்கரங்களின் பண்புகளை மனப்பாடம் செய்ய முடியாமல் திணறுவதையும் ஒரே கட்டடத்துக்குள் பார்க்கிறேன். இடையில் என்ன விட்டுப்போனது என்பதைப் பற்றித்தான் இந்த மடல்.

கேட்பது ஒன்றுதான். வடிவியல் அலகு வருகிற ஒவ்வொரு பருவத்திலும், பிள்ளைகள் எதையாவது கையால் கட்டி, அது நிற்கிறதா விழுகிறதா என்று சோதித்து, ஏன் என்று பேச, அடுத்தடுத்து இரண்டு பாடவேளைகளை ஒதுக்கித் தாருங்கள். அதைப் பாடநூலுக்குள்ளேயே, பாடமாகவே எழுதுங்கள். பக்க ஓரத்தில் பெட்டி கட்டிப் போடுகிற ‘செயல்பாடு’ வேண்டாம். பாடம் முடிக்கிற அவசரத்தில் ஆசிரியர்கள் முதலில் தாண்டிப்போவது அந்தப் பெட்டிகளைத்தான் என்பது உங்களுக்கும் தெரியும்.

மூன்றாம் வகுப்பில் ஒரு சதுர அட்டையைக் காட்டினால் வகுப்பே ‘சதுரம்’ என்று சொல்லும். அதே அட்டையை ஒரு முனை கீழே வருகிற மாதிரி திருப்பிப் பிடித்தால், நிறையப் பேர் ‘டைமண்ட் சார்’ என்பார்கள். அட்டை மாறவில்லை, பக்கம் மாறவில்லை, கோணம் மாறவில்லை. பிள்ளைக்கு மட்டும் வேறு வடிவமாகிவிட்டது. முக்கோணமும் அப்படித்தான். அடிப்பக்கம் தரையில் படிந்திருந்தால்தான் அது முக்கோணம். ஒல்லியாக, சாய்ந்து, தலைகீழாக ஒன்றை வரைந்தால் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். புத்தகத்தில் வரைந்திருக்கும் படம் எப்போதும் ஒரே மாதிரி நிமிர்ந்து நிற்பதால் வருகிற கோளாறு இது.

நெதர்லாந்தில் பள்ளி ஆசிரியர்களாக இருந்த பியர் வான் ஹீலே, தீனா வான் ஹீலே தம்பதி இதைத்தான் ஆராய்ந்து 1957-ல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் தங்கள் ஆய்வேடுகளைக் கொடுத்தார்கள். பிள்ளைகள் முதலில் வடிவத்தை அதன் தோற்றத்தை வைத்து அறிகிறார்கள். அப்புறம்தான் பக்கம், கோணம் என்று பண்புகளைப் பார்க்கிறார்கள். அதற்கும் பிறகே ஒரு பண்பு இன்னொரு பண்போடு எப்படிக் கட்டுண்டிருக்கிறது என்று பிடிபடுகிறது. வயது ஏறுவதால் மட்டும் யாரும் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறிவிடுவதில்லை. என்ன மாதிரி அனுபவம் கிடைக்கிறது என்பதுதான் முக்கியம் என்பது அவர்கள் கண்ட முடிவு. நம் பாடத்திட்டத்தில் முதல் படிக்கும் மூன்றாம் படிக்கும் நடுவே ஏணி இல்லை. ஐந்தாம் வகுப்பு வரை பெயர் சொல்லச் சொல்கிறோம். ஏழாம் வகுப்பில் நிரூபிக்கச் சொல்கிறோம்.

அந்த நடுப்படியை ஈர்க்குச்சியை வைத்தே கட்டிவிடலாம். எங்கள் ஆறாம் வகுப்பில் நடப்பதைச் சொல்கிறேன்.

தென்னை ஈர்க்கின் தடித்த பகுதியைப் பத்து செ.மீ. துண்டுகளாக நறுக்கிக்கொள்கிறோம். இணைப்புக்கு, சைக்கிள் கடையில் விற்கிற வால்டியூப், அதாவது காற்றடைக்கும் வால்வின் மேல் மாட்டுகிற மெல்லிய ரப்பர் குழாய். அதைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, இரண்டு பக்கமும் குச்சியைச் செருகினால் மடங்கக்கூடிய ஒரு மூட்டு கிடைத்துவிடும். துண்டின் நடுவில் ஓட்டை போட்டு இன்னொரு துண்டை நுழைத்தால் மூன்று, நான்கு குச்சிகளைச் சேர்க்கலாம். இது என் கண்டுபிடிப்பு இல்லை. தீக்குச்சியும் வால்டியூப்பும் வைத்து வடிவங்கள் செய்கிற வழியை இந்தியா முழுக்கப் பரப்பியவர் அரவிந்த் குப்தா. 2018-ல் பத்மஸ்ரீ பெற்றவர். வால்டியூப் கிடைக்காத ஊரில் களிமண் உருண்டை போதும். ஊறவைத்த கொண்டைக்கடலை அதைவிட நல்லது. ஊறியிருக்கும்போது குச்சி சுலபமாக இறங்கும், காய்ந்த பிறகு இறுகப் பிடித்துக்கொள்ளும்.

முதலில் முக்கோணம் செய்கிறார்கள், அப்புறம் சதுரம். மேசையில் வைத்து விரலால் தள்ளச் சொல்கிறேன். முக்கோணம் அசைவதில்லை. சதுரம் சாய்ந்து சாய்சதுரமாகி, கடைசியில் தட்டையாகவே படுத்துவிடுகிறது. ‘சார், இது நிக்க மாட்டேங்குது’ என்ற குரல் வகுப்பின் எல்லா மூலையிலிருந்தும் வரும். நான் ஒன்றும் சொல்வதில்லை. ஒரே ஒரு குச்சி கூடுதலாக வைத்து நிற்க வைக்க முடியுமா என்று மட்டும் கேட்கிறேன்.

இங்கேதான் கணக்கு தொடங்குகிறது. கையில் இருப்பது பத்து செ.மீ. குச்சி. அதையே குறுக்கே வைத்தால் வடிவம் அசையாமல் நிற்கும், ஆனால் அது சதுரமாக இருக்காது. சாய்ந்துபோன சாய்சதுரமாகவே நிற்கும். உற்றுப் பார்த்தால் இரண்டு சமபக்க முக்கோணங்கள் ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும். சரி, சதுரமாகவே நிற்க வேண்டுமென்றால்? நீளமான குச்சி வேண்டும். எவ்வளவு நீளம்? பதினைந்து வெட்டினால் ஒரு பக்கம் சாய்கிறது, பதின்மூன்று வெட்டினால் மறுபக்கம். பதினான்கில் ஏறக்குறைய சரியாக உட்கார்கிறது. ‘பதினாலுக்கு ஒரு இம்மி கூட வேணும் சார்’ என்று ஒரு மாணவி அளவுகோலைக் கண்ணருகில் வைத்துப் பார்த்துச் சொன்னாள். 14.1 என்பது பின்னால் அவள் பிதாகரஸ் தேற்றம் படிக்கும்போது வரப்போகிற எண். அப்போது அது அவளுக்குப் புதிய எண்ணாக இருக்கப்போவதில்லை.

அடுத்தது ஐங்கோணம். எத்தனை குச்சி குறுக்கே வேண்டும்? செய்து பார்த்து இரண்டு என்கிறார்கள். அறுகோணத்துக்கு மூன்று. கூடுதலாக ஒன்று வைத்தவர்களிடம், அதில் எதை எடுத்தாலும் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்வேன். கரும்பலகையில் பட்டியல் எழுதியதும் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: ‘பக்கத்துல மூணு கம்மி.’ இதை யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. அத்தோடு, அந்தக் குறுக்குக் குச்சிகள் வடிவத்தை எத்தனை முக்கோணமாகப் பிரிக்கின்றன என்று எண்ணினால் பக்கத்தில் இரண்டு குறைவு. ஒவ்வொரு முக்கோணத்துக்கும் 180 பாகை. பலகோணத்தின் உட்கோணங்களின் கூடுதலுக்கான சூத்திரம் அங்கேயே மேசையில் கிடக்கிறது. பெரிய வகுப்பில் அதே சூத்திரத்தைப் பெட்டிக்குள் எழுதி மனப்பாடம் செய்யச் சொல்கிறோம்.

இன்னும் ஒரு படி இருக்கிறது, அது எனக்கு மிகவும் பிடித்தது. குறுக்குக் குச்சி போட்ட சாய்சதுரத்தை மேசையிலிருந்து தூக்கினால், அந்தக் குச்சியை மையமாக வைத்து இரண்டு முக்கோணமும் கதவு மாதிரி மடங்கும். மேசையில் நின்றது கையில் நிற்கவில்லை. ஏன்? இப்போது இன்னும் ஒரே ஒரு குச்சி கொடுத்து, அசையாமல் செய்யச் சொன்னால், பிரிந்து ஆடுகிற இரண்டு முனைகளையும் இணைக்கிறார்கள். நான்கு முக்கோண முகங்கள் கொண்ட ஒரு கூர்ங்கோபுரம் கையில் உட்கார்ந்திருக்கும். ஆறு குச்சி, நான்கு முனை, எப்படித் தள்ளினாலும் அசையாது. தள வடிவத்திலிருந்து கன வடிவத்துக்குப் போகிற வழி இவ்வளவுதான். கனசதுரத்தைக் கட்டச் சொன்னால் பன்னிரண்டு குச்சியோடு அது சரிந்து விழும். ஆறு முகத்துக்கும் ஒவ்வொரு மூலைவிட்டம் போட்டதும் நின்றுவிடும். முகம் எத்தனை, விளிம்பு எத்தனை, முனை எத்தனை என்று அட்டவணை நிரப்பச் சொல்லி நாம் வற்புறுத்துகிற விஷயத்தை, இங்கே குச்சி போதவில்லை என்பதற்காகப் பிள்ளைகளே எண்ணுகிறார்கள்.

இது ஒன்றும் புதுமோகம் இல்லை. ஜெர்மனியின் பிரீட்ரிக் ஃபிரோபெல் 1837-ல் பாட் பிளாங்கன்பர்க் ஊரில் சின்னக் குழந்தைகளுக்கான பள்ளியைத் தொடங்கியபோது, பந்து, உருளை, கனசதுரம் ஆகியவற்றைக் கையில் கொடுத்துத்தான் தொடங்கினார். குச்சியும் ஊறவைத்த பட்டாணியும் வைத்துக் கட்டுவது அவர் முறையில் ஒரு பாடமே. அந்தப் பாடம் அமெரிக்க மழலையர் பள்ளிகளுக்கும் போனது. அங்கே 1895-ல் பிறந்து, பின்னாளில் கட்டட வடிவமைப்பாளரான பக்மின்ஸ்டர் ஃபுல்லருக்குச் சிறு வயதில் பார்வை மிகக் குறைவு. மற்ற குழந்தைகள் தாங்கள் பார்த்த வீடுகளைப் போலப் பெட்டி பெட்டியாகக் கட்டியபோது, இவர் தடவிப் பார்த்து, எது அசையாமல் நிற்கிறதோ அதையே தொடர்ந்து கட்டிக்கொண்டு போனாராம். எல்லாம் முக்கோணமாகவே வந்தது என்று பிற்காலத்தில் அவரே சொன்னார். 1967-ல் மான்ட்ரியால் உலகக் கண்காட்சியில் அவர் எழுப்பிய, 76 மீட்டர் விட்டமுள்ள குவிமாடம் இன்றும் முக்கோணச் சட்டங்களோடு நிற்கிறது.

அந்தக் கதையை நான் குறிப்பிடுவது அவர் பெரிய ஆள் ஆனார் என்பதற்காக இல்லை. பார்வை குறைந்த குழந்தைக்கு அந்த வகுப்பில் இடம் இருந்தது என்பதற்காக. ஒருங்கிணைந்த கல்வியில் சிறப்புக் கவனம் தேவைப்படுகிற பிள்ளைகள் நம் வகுப்புகளிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். கரும்பலகைப் படம் தெரியாத பிள்ளைக்கும், எழுத்து தடுமாறுகிற பிள்ளைக்கும் கனசதுரத்தின் விளிம்பு கையில் தெரியும். எழுத்துத் தேர்வில் எப்போதும் கடைசியில் நிற்கிற சிலர், கட்டுகிற அன்றைக்குக் குழுவை நடத்துவதை நான் மறுபடி மறுபடி பார்க்கிறேன்.

குச்சி மட்டும்தான் என்றில்லை. ஒரே அளவுள்ள மூன்று ஏ-4 தாள்களை எடுத்து ஒன்றை உருளையாகவும், ஒன்றைச் சதுரத் தூணாகவும், ஒன்றை முக்கோணத் தூணாகவும் ஒட்டி நிறுத்தி, மேலே பாடப்புத்தகங்களை அடுக்கச் சொல்லுங்கள். அடுக்குவதற்கு முன் எது அதிகம் தாங்கும் என்று ஒவ்வொருவரும் எழுதிவைக்க வேண்டும். ‘மூலை இருக்கிறதுதான் பலம்’ என்று சதுரத்தின் பக்கம் நிறையப் பேர் நிற்பார்கள். உருளைதான் கடைசி வரை நிற்கும். தட்டையான சுவர் பாரம் ஏறியதும் உப்பிப் பிதுங்குகிறது. அப்புறம் பாரம் முழுக்க மூலைகளின் தலையில் விழுந்து அவை நசுங்குகின்றன. வட்டச் சுவரில் மூலை என்று எதுவும் இல்லாததால் சுற்றிலும் சமமாகப் பங்கிட்டுக்கொள்கிறது. மூங்கிலும் பப்பாளித் தண்டும் ஏன் குழாயாக இருக்கின்றன என்ற கேள்வி அடுத்த நிமிடமே வருகிறது. அதற்குப் பதில் கணக்குப் பாடவேளையில் சொல்வதா, அறிவியலில் சொல்வதா என்று நான் கவலைப்படுவதில்லை.

எட்டாம் வகுப்புக்கு அதே தாளில் இன்னொரு வேலை. ஒரு தாளை நீளவாக்கிலும் இன்னொன்றை அகலவாக்கிலும் சுருட்டி இரண்டு உருளை செய்யுங்கள். இரண்டும் ஒரே தாள்தான். எதில் அதிகப் பொரி பிடிக்கும்? ‘ரெண்டும் ஒண்ணுதான்’ என்பதுதான் வகுப்பின் ஏகமனதான தீர்ப்பாக இருக்கும். ஒல்லியான உருளை நிரம்பும் வரை பொரியைக் கொட்டி, அதைக் குட்டையான உருளைக்குள் விட்டால், மேலே நிறைய இடம் காலியாக நிற்கும். கணக்குப் போட்டால் உயரமானது 1,042 கன செ.மீ., குட்டையானது 1,474 கன செ.மீ. வளைபரப்பு ஒன்று, கொள்ளளவு வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் அளவியலில் பிள்ளைகள் செய்கிற பெரிய பிழை. பொரியைக் கொட்டிப் பார்த்தவர்கள் குழப்பிக்கொள்வது அரிது.

ஊரில் இருக்கிற அறிவையும் இந்தப் பாடம் வகுப்புக்குள் கொண்டுவருகிறது. குறுக்குக் குச்சி பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு பையன், ‘எங்க அப்பா சாரம் கட்டும்போதும் இப்படித்தான் சாய்வா ஒரு சவுக்குக் கம்பு கட்டுவாரு’ என்றான். கொத்தனாரான அவன் அப்பாவை ஒரு நாள் பள்ளிக்கு அழைத்தோம். அவர் ஒரு நூலை எடுத்து, ஒரு பக்கம் மூன்று அடி, மறுபக்கம் நான்கு அடி அளந்து, குறுக்கே ஐந்து அடி வந்தால் மூலை மட்டமாக இருக்கிறது என்று தரையில் காட்டினார். பள்ளிக்கூடத்தில் தனக்கு வராத ஒரே பாடம் கணக்குதான் என்றும் சொன்னார். அவர் தினமும் செய்வது கணக்கு என்பதை அவர் மகன் அன்றைக்குப் பார்த்தான். இதைப் பாடநூலில் ஒரு வரி எழுதினாலே பல பள்ளிகளில் நடக்கும்: உங்கள் ஊர்க் கொத்தனாரை, தச்சரை, பந்தல் போடுகிறவரை ஒரு பாடவேளைக்கு அழையுங்கள்.

படங்களும் அப்படியே மாறட்டும். எகிப்துப் பிரமிடு இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஊருக்கு ஊர் செல்போன் கோபுரம் நிற்கிறது. வயல் நடுவே உயரழுத்த மின்கம்பிக் கோபுரம் நிற்கிறது. அவற்றில் எத்தனை முக்கோணம் என்று பிள்ளைகள் சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் எண்ணலாம். பாம்பன் இருக்கிறது. 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தில், கப்பல் போக வழிவிட இரண்டு கைகள் மேல்நோக்கி விரிந்தன. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே நேராக 17 மீட்டர் உயருகிறது. தூக்குகிற விதம் வேறானாலும், தூக்கப்படுகிற சட்டத்தின் உள்ளே இருப்பது முக்கோணங்கள்தான். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, கீழே ஒரு கேள்வி கேட்டால் அருமையான பாடம்.

இப்போது, ஏற்கெனவே இருக்கிற ‘செயல்திட்டம்’ பற்றிச் சொல்ல வேண்டும். வளரறி மதிப்பீட்டில், அதாவது பாடம் நடக்கும்போதே வகுப்பில் செய்கிற மதிப்பீட்டில், செயல்பாடுகளுக்கு மதிப்பெண் இருக்கிறதே, அது போதாதா என்று நீங்கள் கேட்கலாம். நடைமுறையில் அது வீட்டு வேலையாகிவிட்டது. ‘கன உருவங்களின் மாதிரி செய்து வா’ என்றால், ஞாயிற்றுக்கிழமை இரவு ஸ்டேஷனரி கடையில் தெர்மாகோல், கலர் பேப்பர், ஜிகினா வாங்கி, அம்மாவோ அக்காவோ விடிய விடிய உட்கார்ந்து ஒட்டித் தருகிறார்கள். வாங்க வசதியில்லாத பிள்ளை அன்றைக்கு லீவு போடுகிறது. ஒரு கண்காட்சியில் விளக்கு எரிகிற தெர்மாகோல் பாலத்துக்கு முதல் பரிசு கொடுத்தார்கள். அதன் மேல் ஒரு டம்ளர் தண்ணீரைக்கூட யாரும் வைத்துப் பார்க்கவில்லை. மூன்று முறை உடைந்து, திருத்திக் கட்டி, செங்கல்லைத் தாங்கிய ஈர்க்குப் பாலம் மூலையில் இருந்தது. அழுக்காக இருக்கிறது என்றார் ஒரு நடுவர். அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தவன் என்கிற முறையில் கேட்கிறேன், மதிப்பெண் எதற்கு என்பதை நீங்கள்தான் தெளிவாக எழுதித் தர வேண்டும்.

நான் வேண்டுவது இப்படி: வேலை முழுக்க வகுப்பறையிலேயே நடக்க வேண்டும். கடையில் வாங்கிய பொருள் கூடாது. பணியும் ‘மாதிரி செய்க’ என்று இருக்கக் கூடாது. அதற்கு ஒரு வேலையும் ஒரு கட்டுப்பாடும் இருக்க வேண்டும். உதாரணமாக, இருபது ஈர்க்குச்சிக்குள், இரண்டு பெஞ்சுக்கு நடுவே ஒரு முழ இடைவெளியைத் தாண்டி, ஒரு தண்ணீர் பாட்டிலைத் தாங்குகிற பாலம் கட்டு. கட்டும் முன் ஒரு படம் வரைய வேண்டும். கட்டிச் சோதித்த பிறகு, முதலில் எங்கே உடைந்தது, அந்த இடத்தில் என்ன வடிவம் இருந்தது, எதை மாற்றினோம் என்று நான்கு வரி எழுத வேண்டும். மதிப்பெண் அந்த நான்கு வரிக்கு. விழுந்துபோன பாலத்துக்கும் முழு மதிப்பெண் கிடைக்கலாம் என்று ஆசிரியர் கையேட்டில் வெளிப்படையாகவே போடுங்கள். இல்லையென்றால் எல்லாக் குழுவும் முதல் குழுவின் பாலத்தைப் பார்த்துக் கட்டிவிட்டு உட்கார்ந்துவிடும்.

இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. கை வேலை செய்யும், தலை வேலை செய்யாது. வகுப்பே கலகலப்பாக இருக்கும். மணியடித்ததும் யாருக்கும் கணக்கு ஒன்றும் தெரியாமல் போகும். செயல்பாட்டை நம்புகிற ஆசிரியர்களே இந்தப் பள்ளத்தில் விழுகிறோம். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பின்னர் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல், அதாவது பிள்ளைகள் பாட அட்டைகளை வைத்துப் படிப்படியாகத் தாங்களே கற்கும் முறை, நம் பள்ளிகளின் முகத்தையே மாற்றியது. ஆசிரியர் தரையில் பிள்ளைகளோடு உட்கார்ந்ததே பெரிய மாற்றம். ஆனால் போகப் போகப் பல இடங்களில் அட்டையை எடுப்பதும் வைப்பதும் ஏணிப்படியில் குறிப்பதும் மட்டும் மிஞ்சியது. காரணம், அட்டை இருந்தது. அட்டைக்குப் பிறகு கேட்க வேண்டிய கேள்வி ஆசிரியர் கையில் இல்லை.

ஆகவே ஒவ்வொரு கட்டுமானப் பணிக்கும் மூன்று நல்ல கேள்விகளை எழுதித் தாருங்கள். எது முதலில் அசைந்தது? எதை எடுத்தால் இன்னும் நிற்கும்? அளவை இரட்டித்தால் என்ன ஆகும்? இந்த மாதிரி. இரண்டு பாடவேளையில் பாதி நேரம் பேச்சுக்குத்தான் போக வேண்டும். ஒரு பாடவேளை போதாது என்று நான் அடம்பிடிப்பதற்கும் அதுதான் காரணம். நாற்பது நிமிடத்தில் கட்டி முடிக்கலாம், பேச முடியாது. மறுநாள் பேசலாம் என்றால் களிமண் காய்ந்து உதிர்ந்திருக்கும். பிள்ளைகளின் ஆர்வமும் ஆறிப்போயிருக்கும்.

பாடம் முடியாது என்ற கவலைக்கு என் அனுபவத்தில் பதில் இருக்கிறது. இந்த இரண்டு பாடவேளை, நாற்கரங்கள் பாடத்தில் திருப்பித் திருப்பிச் சொல்லித் தருகிற நேரத்தை அதைவிட அதிகமாக மிச்சப்படுத்துகிறது. சத்தம் வரத்தான் செய்யும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்பே சொல்லிவிடலாம். ஈராசிரியர் பள்ளிகளில் ஐந்து வகுப்பும் ஒரே கூடத்தில் இருக்குமே என்றால், அங்கே இது இன்னும் நன்றாக நடக்கும். ஒன்றாம் வகுப்பு குச்சியை நீள வாரியாகப் பிரிக்கட்டும், மூன்றாம் வகுப்பு முக்கோணம் செய்யட்டும், ஐந்தாம் வகுப்பு அதை வைத்துக் கோபுரம் எழுப்பி அளக்கட்டும்.

புதுத் திட்டம், புது நிதி எதுவும் கேட்கவில்லை. ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கென்று 2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் ஏற்கெனவே பாடலும் ஆட்டமும் பொம்மையுமாக இருக்கிறது. அதில் வடிவங்களுக்கான நாளில் கட்டுகிற வேலையைச் சேர்த்தால் போதும். ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கிவைத்த, பிள்ளைகள் சோதனைகளைச் செய்து பார்க்கிற வானவில் மன்றம் இருக்கிறது. அறிவியல் சோதனை போலக் கணக்குக்கும் அதில் இடம் உண்டு. ஆனால் அதை நடத்தித் தருகிற கருத்தாளர்கள் பள்ளிக்கு வரும்போது கணக்குக்குக் கிடைப்பது பெரும்பாலும் புதிரும் எண் விளையாட்டும்தான். மத்திய அரசு பள்ளிகளில் அமைக்கிற அடல் டிங்கரிங் ஆய்வகங்களில் முப்பரிமாண அச்சு இயந்திரம்கூட இருக்கிறது. ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை தருகிறார்கள். நல்லது, அது கிடைத்த பள்ளிகளில் பிள்ளைகள் பயன்படுத்தட்டும். ஆனால் எல்லாப் பள்ளிக்கும் போய்ச் சேருவது ஈர்க்குச்சிதான். இரண்டு விளக்குமாறும் இரண்டு மீட்டர் வால்டியூப்பும் இருந்தால் ஒரு வகுப்புக்குப் போதும்.

கடைசியாகப் பயிற்சி. புதுப் புத்தகம் வரும்போதெல்லாம் பக்கத்துப் பள்ளிகளுக்கெல்லாம் பொதுவான குறுவள மையங்களில் எங்களைக் கூட்டி, திரையில் ஸ்லைடு காட்டி, படிவம் நிரப்பச் சொல்லி அனுப்புகிறீர்கள். வடிவியலுக்கு மட்டுமாவது அதை மாற்றுங்கள். ஆசிரியர்களே நான்கு நான்கு பேராக உட்கார்ந்து பாலம் கட்டட்டும். நாங்கள் கட்டுவதும் முதலில் விழும். ஏன் விழுந்தது என்று நாங்கள் எங்களுக்குள் வாக்குவாதம் செய்தால்தான், மறுநாள் வகுப்பில் பிள்ளைகள் வாக்குவாதம் செய்யும்போது குறுக்கே பாய்ந்து விடை சொல்லாமல் இருக்கக் கற்றுக்கொள்வோம்.

எங்கள் வட்டாரத்தில் நடக்கும் அடுத்த குறுவளப் பயிற்சியில் ஒரு மணி நேரம் கொடுத்தால், சக ஆசிரியர்களோடு இதைச் செய்து காட்ட நான் தயார். ஈர்க்கு, வால்டியூப், கத்தரிக்கோல் எல்லாம் நானே கொண்டுவருகிறேன். புரொஜெக்டர் வேண்டாம். பெஞ்சுகளை ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி திருப்பிப் போடச் சொல்லுங்கள். பாலத்தின் மேல் வைக்கத் தண்ணீர் பாட்டில்களும் வேண்டும்.

இப்படிக்கு,
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிக் கணித ஆசிரியர்